அப்பாவின் சிறுநீரகப் புற்றுநோய்க்கு மைக்ரோஆர்என்ஏ சோதனை தேவையா?

கேள்வி: என் அப்பாவுக்கு வலது சிறுநீரகத்தில் கட்டி. அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார்கள். அதற்கு முன் ரத்தத்தில் மைக்ரோஆர்என்ஏ சோதனை செய்தால் நோய் பரவியிருக்கிறதா என்று தெரிந்துவிடும் என்கிறார் ஓர் உறவினர். செய்யலாமா?

பதில்: அந்தச் சோதனைக்காக அறுவைச் சிகிச்சையை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். நான் மருத்துவர் இல்லை. கேரள எல்லையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் தமிழ்வழியில் உயிரியல் கற்பிக்கும் ஆசிரியை. ஆனால் என் தாய்மாமாவுக்கு இதே நோய் வந்தபோது இந்தச் சொல்லை நாங்களும் மருத்துவமனையில் கேட்டோம். அதன் பிறகு கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன் என்பதால் எழுதுகிறேன். நான் சொல்வதை உங்கள் மருத்துவரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மைக்ரோஆர்என்ஏ என்பது வெற்று விளம்பரச் சொல் அல்ல. மரபணுவிலிருந்து புரதம் உருவாவதற்கு நடுவே தூது ஆர்என்ஏ என்ற நகல் எழுதப்படுகிறது. ஏறத்தாழ 22 எழுத்து நீளமே உள்ள மைக்ரோஆர்என்ஏ அந்த நகலின் வால்பகுதியில் ஒட்டிக்கொண்டு, எங்கள் வயல்களில் மடைப்பலகையை இறக்கி நீரைக் குறைப்பதுபோல, புரத உற்பத்தியைக் குறைக்கிறது. 1993இல் ஒரு சிறு புழுவில் முதன்முதலாக இதைக் கண்டறிந்த விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் ஆகிய இருவருக்கும் 2024இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

சிறுநீரகப் புற்றுநோயில் இதன் பங்கு மிக ஆழமானது. பெரியவர்களுக்கு வரும் சிறுநீரகப் புற்றுநோயில் பெரும்பான்மை ‘கிளியர் செல்’ வகை. அதில் பெரும்பாலும் விஎச்எல் என்ற மரபணு செயலிழந்துவிடுகிறது. அது இல்லாதபோது, ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தாலும், ‘ஆக்சிஜன் இல்லை’ என்று உயிரணுவை நம்பவைக்கும் ‘ஹிஃப்’ புரதங்கள் அழியாமல் தங்கிவிடுகின்றன. அவை ஒருபுறம் புதிய ரத்த நாளங்களை வளர்க்கின்றன. மறுபுறம் மிர்-210 என்ற மைக்ரோஆர்என்ஏவைப் பெருக்குகின்றன. மிர்-210, ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் வேலையைக் குறைத்து, கட்டி குறைந்த ஆக்சிஜனில் பிழைக்க வழிசெய்கிறது. இதற்கு நேர்மாறாக, மிர்-200சி, மிர்-141 ஆகிய இரண்டும் இவ்வகைக் கட்டிகளில் வெகுவாகக் குறைந்துபோகின்றன. உயிரணுக்களை ஒன்றோடொன்று பிணைக்கும் ஈ-கேட்ஹெரின் புரதத்தைக் காத்து நிற்பவை அவைதாம் என்பதால், அவை குறையும்போது உயிரணுக்கள் பிடி தளர்ந்து நகரத் தொடங்குகின்றன. மிர்-21 மிகுந்திருக்கும் கட்டிகள் கடுமையாக நடந்துகொள்கின்றன என்பதும் பல ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது.

இவ்வளவு தெரிந்திருந்தும் ஏன் வேண்டாம் என்கிறேன்? மேலே சொன்னவை பெரும்பாலும் வெட்டியெடுத்த கட்டிகளை அருகிலுள்ள நல்ல திசுவோடு ஒப்பிட்டுக் கண்டவை. ரத்தத்தில் அளப்பது வேறு கதை. மிர்-21 பல புற்றுநோய்களிலும், இதய நோயிலும், திசு தழும்பேறும் நிலைகளிலும்கூட உயரக்கூடியது. ரத்தத்தில் அது கூடியிருக்கிறது என்று ஓர் அறிக்கை வந்தால், அதை வைத்து நுரையீரலில் நோய் பரவியிருக்கிறதா என்று எந்த மருத்துவரும் சொல்ல முடியாது. அதைச் சொல்வது சி.டி. ஸ்கேன். சிறுநீரகப் புற்றுநோய்க்கான சிகிச்சையை மைக்ரோஆர்என்ஏ அளவை வைத்து முடிவுசெய்யும் வழக்கம் இன்றுவரை இல்லை.

இனி என் மாமாவின் கதை. கட்டி பெரிதாக இருந்ததால் அவருக்குச் சிறுநீரகத்தை முழுமையாக எடுக்க வேண்டியிருந்தது. அறுவைக்கு முன் ஆராய்ச்சிக் குழுவைச் சேர்ந்த ஒரு பெண் வந்து, மைக்ரோஆர்என்ஏ ஆய்வுக்காகக் கொஞ்சம் ரத்தமும், எடுக்கப்படும் கட்டியில் ஒரு துண்டும் தர முடியுமா என்று கேட்டார். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் எடுத்துச் சுழலவைத்துவிட்டு வந்தவர், மீண்டும் ஒருமுறை எடுக்க வேண்டும் என்றார். காரணம் கேட்டபோது குழாயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மேலே வைக்கோல் நிறத்தில் நிற்க வேண்டிய பிளாஸ்மா என்ற நீர்ப்பகுதி இளஞ்சிவப்பாக இருந்தது. ரத்த நாளம் கிடைக்காமல் ஊசி தடுமாறியதில் சிவப்பணுக்கள் உடைந்துவிட்டன. அவற்றுக்குள் இருக்கும் மிர்-451, மிர்-16 போன்றவை பிளாஸ்மாவில் கலந்து கணக்கைக் கெடுத்துவிடும் என்று பொறுமையாக விளக்கினார். ஒரு குழாய் ரத்தத்துக்கு அவர் காட்டிய அந்தக் கவனத்தை நான் மிகவும் மதிக்கிறேன். காசுக்குச் சோதனை விற்கும் இடத்தில் இதே கவனம் இருக்குமா என்று நீங்களே விசாரியுங்கள்.

ஆனால் ஒரு மனக்குறை இன்னும் ஆறவில்லை. ஒப்புதல் படிவம் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருந்தது. மாமா மலையாளம் சரளமாகப் பேசுவார். படித்தது தமிழ்ப் பள்ளியில் என்பதால் மலையாள எழுத்து தெரியாது. எங்கள் எல்லைப் பகுதியில் அப்படிப்பட்டவர்கள் ஏராளம். ஆங்கிலப் பக்கத்தை நான் படித்தபோதுதான், மாதிரியைச் சேமித்து வைத்துப் பிற்கால ஆய்வுகளுக்கும் பயன்படுத்துவார்கள் என்பதும், முடிவைத் தனிநபருக்குத் தரமாட்டார்கள் என்பதும் தெரிந்தன. “இத வெச்சு எனக்கு மருந்து கிருந்து மாத்துவாங்களா, கண்ணு?” என்று மாமா கேட்டார். இல்லை மாமா, இது பின்னால் வரும் நோயாளிகளுக்காக என்றேன். “அப்படீன்னா எடுத்துக்கட்டும்” என்று கையெழுத்திட்டார். நான் உடன் இல்லாதிருந்தால், தனக்கான சோதனை என்று நம்பியே கையெழுத்திட்டிருப்பார். பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் ஒப்புதல் பெற வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகள் தெளிவாகவே சொல்கின்றன. இதை மலையாளத்துக்கு எதிரான பேச்சாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்; நான் அதே மொழியில் அண்டை அயலாரோடு உறவாடி வளர்ந்தவள். பேசத் தெரிவதும் படித்துக் கையெழுத்திடுவதும் ஒன்றல்ல என்றுதான் சொல்கிறேன்.

உங்கள் அப்பாவிடம் ஆராய்ச்சிக்காக மாதிரி கேட்டால், அவருக்குப் புரியும் மொழியில் விளக்கச் சொல்லிவிட்டு, விருப்பமிருந்தால் கொடுக்கச் சொல்லுங்கள். மிர்-34ஏ என்ற மைக்ரோஆர்என்ஏவைப் போலச் செயல்படும் ஒரு மருந்தைப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முதற்கட்டச் சோதனை, கடுமையான நோயெதிர்ப்புப் பக்கவிளைவுகளால் 2016இல் நிறுத்தப்பட்டது. இந்தத் துறை முன்னேற இன்னும் நிறைய மாதிரிகள் தேவைப்படும்.

அறுவைக்குப் பின் நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது திசு அறிக்கை. கட்டி எந்த வகை, எந்த அளவு, எந்தத் தரம் (அதன் உயிரணுக்கள் இயல்பிலிருந்து எவ்வளவு மாறியிருக்கின்றன), கொழுப்பையோ ரத்தக் குழாயையோ ஊடுருவியிருக்கிறதா என்பவை அதில் இருக்கும். அடுத்த சிகிச்சையும் ஸ்கேன் இடைவெளியும் அவற்றை வைத்தே முடிவாகும். திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டியை மருத்துவமனை எவ்வளவு காலம் வைத்திருக்கும் என்பதையும் கேளுங்கள். மைக்ரோஆர்என்ஏ மிகக் குட்டையானது என்பதால் அந்த மெழுகுக்குள் பல ஆண்டுகள் அளக்கத்தக்க நிலையில் இருக்கும். பயனுள்ள சோதனை ஒன்று பின்னாளில் நடைமுறைக்கு வந்தால், அந்த மெழுகுக் கட்டியிலிருந்தே செய்துகொள்ளலாம்.