பனிப்படலங்களின் பழைய பாதையை ஆராய விரும்பும் மகளுக்கு எந்தப் படிப்பு?

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

பனியே விழாத ஊரில் பிறந்த பெண், பெரும் நிலப்பரப்பை மூடி மெல்ல நகரும் பனிக்கட்டியான பனிப்படலங்களின் பழைய நகர்வைப் படித்து எந்த வேலைக்குப் போவாள் என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த ஆய்வுக்கு முதலில் தெரிய வேண்டியது பாறை. நகரும் பனியின் அடியில் சிக்கிய கற்கள் தரைப்பாறையைக் கீறிச் செல்வதால், பனி உருகிப் பல்லாயிரம் ஆண்டுகள் கழிந்த பின்னும் அது சென்ற திசையை அக்கீறல்கள் காட்டுகின்றன. ஒரே பாறையில் இருவேறு திசைக் கீறல்கள் குறுக்கிட்டால், எது பிந்தியது என்று கண்டறிந்து, பனி திசைமாறிய வரிசையையும் சொல்ல முடிகிறது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கனடாவின் பெரும்பகுதியை மூடியிருந்த லாரன்டைடு பனிப்படலத்தின் நகர்வு இத்தகைய தடயங்களைக் கொண்டே வரையப்பட்டது. பனி விலகியபின் வெளிப்பட்ட பாறையின் குவார்ட்ஸ் என்ற கனிமத்தில், விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களால் உருவாகிச் சேரும் பெரிலியம்-10 அணுக்களை அளந்து காலத்தையும் கணிக்கிறார்கள்.

இதற்காக வெளிநாடு போயே தீர வேண்டும் என்பதில்லை. ஒடிசாவின் தால்சேரில் உள்ள உருண்டைக்கல் படிவங்கள் பனியால் வந்தவை என்று 1856-லேயே சொல்லப்பட்டது. ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய அந்தப் பனியின் கீறல்களை மகாராஷ்டிரத்தின் சந்திரப்பூர் அருகே, இராய் என்ற இடத்தில் சுண்ணாம்புப் பாறை மீது இன்றும் காணலாம்.

தங்கள் மகள் இளநிலையில் நிலவியல், அதாவது ஜியாலஜி, சேரட்டும். பனியாறுகளைப் பற்றிய தனிப் பட்டத்தை இப்போதே தேட வேண்டாம். மூன்றாம் ஆண்டில் முதுநிலைச் சேர்க்கைக்காக ஐஐடிகள் நடத்தும் ஜாம் தேர்வை எழுதலாம். முதுநிலை முடித்தவர்களுக்கு, மத்தியத் தேர்வாணையத்தின் புவி அறிவியலாளர் தேர்வு வழியாக இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தில் பணி கிடைக்கும். அண்டார்க்டிகாவிலும் இமயமலையிலும் அந்நிறுவனம் பனி ஆய்வு செய்து வருகிறது. முனைவர் பட்டத்தை நாடினால் கோவாவின் துருவ ஆய்வு மையமும் டேராடூனின் வாடியா இமயமலை நிலவியல் நிறுவனமும் உள்ளன.

பனிப்படல ஆய்வுக்கென்றே ஒதுக்கப்பட்ட பணியிடங்கள் குறைவு என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் நிலத்தடி நீர், கனிமம், சுரங்கம் ஆகிய துறைகளுக்கும் இதே பட்டம் செல்லும் என்பதால், கைவிடப்பட்ட நிலை வராது. எனக்குள்ள ஒரே தயக்கம் களப்பணி பற்றியது: வெயிலில் நாள் முழுதும் நடந்து, பாறையை அளந்து, குறிப்பெழுதுவதில் அவளுக்கு விருப்பம் இருக்க வேண்டும். கல்லூரியின் முதல் களப்பயணத்துக்கு அவளைத் தடையின்றி அனுப்பிவைத்து, திரும்பியதும் அந்த வேலை பிடித்ததா என்று அவளிடமே கேளுங்கள். முதுநிலை பற்றிய முடிவை அதன்பின் எடுக்கலாம்.