கடலுக்கு மேல் நின்ற ஒளி: கமராவால் அளக்க முடியுமா?

கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "எங்கள் தொடர்மாடியின் மொட்டை மாடியில் நின்றபோது, மேற்கே கடலுக்கு மேல் ஒரு வெள்ளை ஒளியைக் கண்டேன். ஏழெட்டு நிமிடம் அசையாமல் நின்றது, பிறகு சட்டென்று நகர்ந்து மறைந்தது. இரண்டு தடவை இப்படிக் கண்டுவிட்டேன். ஆளைத் தானாகத் தொடரும் சுழல் கமரா ஒன்று வாங்கியிருக்கிறேன். அதை வானத்தைப் பார்க்கப் பூட்டினால் விஞ்ஞானிகள் ஏற்கக்கூடிய தரவு கிடைக்குமா? கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் மச்சானும் உதவத் தயார்."

கிடைக்கும். அதற்கு உங்களிடம் இருக்கும் பெரிய வசதி அந்தக் கொட்டாஞ்சேனை மச்சான்தான். ஏன் என்று சொல்கிறேன்.

90 பாகை அகலம் பார்க்கும் ஒரு கமராவை எடுத்துக்கொள்ளுங்கள். படம் 1280 புள்ளி அகலம் என்றால், ஒரு புள்ளிக்கு 0.07 பாகை. 50 மீற்றர் தூரத்தில் அந்த ஒரு புள்ளி 6 சென்ரிமீற்றரைக் காட்டும், 10 கிலோமீற்றர் தூரத்தில் 12 மீற்றரைக் காட்டும். அப்படியானால் உங்கள் மாடிக்கு முன்னால் பறக்கும் காகமும், 10 கிலோமீற்றர் தள்ளிப் போகும் பெரிய பயணிகள் விமானமும் படத்தில் கிட்டத்தட்ட ஒரே அளவு: ஆறேழு புள்ளி. வேகமும் இப்படித்தான் ஏமாற்றும். 50 மீற்றரில் செக்கனுக்கு 10 மீற்றர் பறக்கும் காகத்தை 10 கிலோமீற்றர் தூரத்துப் பொருள் என்று நினைத்துக் கணக்குப் போட்டால், மணிக்கு 7200 கிலோமீற்றர் என்று வரும். கணக்கில் பிழை இருக்காது. தூரம் மட்டும்தான் பிழை.

எத்தனை பேர் இந்த இடத்தில் வழுக்கியிருக்கிறார்கள்! அமெரிக்கக் கடற்படை விமானம் 2015இல் எடுத்த ஒரு காட்சியில், ஏதோ ஒன்று கடல்மட்டத்தை ஒட்டி மின்னல் வேகத்தில் பறப்பது போலத் தெரியும். நாசா அமைத்த சுயாதீனக் குழு, 2023 செப்டெம்பரில் வெளியிட்ட அறிக்கையில் அந்தக் காட்சியின் திரையில் இருந்த கோணங்களையும் தூரத்தையும் வைத்துக் கணக்கிட்டது. பொருள் இருந்தது ஏறக்குறைய 4 கிலோமீற்றர் உயரத்தில், போனது மணிக்குச் சுமார் 64 கிலோமீற்றர் வேகத்தில். படம் எடுத்த விமானம் வேகமாகப் போனதால் வந்த தோற்றம் அது. திரையில் அந்த எண்கள் இல்லாமல் போயிருந்தால் விவாதம் இன்னும் முடிந்திருக்காது.

சரி, உங்கள் மச்சானுக்கு வருவோம். வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் ஏறக்குறைய 8 கிலோமீற்றர் இடைவெளியில், நேர் தெற்கு வடக்காக இருக்கின்றன. ஒரே பொருளை இரண்டு இடத்திலிருந்தும் ஒரே கணத்தில் படம் எடுத்தால் இரண்டு கோணம் கிடைக்கும், நடுவிலுள்ள 8 கிலோமீற்றர் தெரியும், முக்கோணம் பூர்த்தியாகிவிடும். நீங்கள் ஒளியைக் கண்டது மேற்கே. இந்தக் கோட்டுக்குச் செங்குத்தான திசை அது, தூரம் அளக்க அதைவிட நல்ல அமைப்புக் கிடைக்காது. நீங்கள் இருவரும் ஒரு படப்புள்ளி அளவுக்குச் சரியாக இருந்தாலே, 10 கிலோமீற்றர் தூரத்தில் வரும் பிழை ஓரிரு பத்து மீற்றருக்குள் அடங்கும். வடக்கே கட்டுநாயக்க விமான நிலையப் பக்கம் தெரியும் ஒளிகளுக்கு இது பொருந்தாது. அந்தத் திசை இரண்டு வீடுகளும் இருக்கும் கோட்டின் நீட்சியிலேயே விழுவதால், கோணங்கள் இரண்டும் ஒன்றாகிவிடும்.

ஆகவே முதற்கட்டத்துக்கு அசையாத இரண்டு அகலக் கமராக்கள் போதும், சுழல் கமரா பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். விண்கல் அவதானிப்போர் ராஸ்பெரி பை என்ற சிறு கணினியோடு சிறிய பாதுகாப்புக் கமரா ஒன்றைப் பூட்டி உலகம் முழுக்க இதைச் செய்கிறார்கள். அவர்களுடைய மென்பொருளும் இலவசம். தானியங்கிக் குவியம் (ஃபோகஸ்), தானியங்கி வெளிச்சம் இரண்டையும் நிறுத்திவிடுங்கள். குவியம் தடுமாறும்போது ஒரு புள்ளி ஒளி பெரிய வட்டமாகப் பூத்துவிடும், அதைப் பந்து என்று நம்பி ஏமாந்தவர்கள் பலர். கமராவைச் சுற்றியுள்ள அகச்சிவப்பு விளக்குகளையும் அணையுங்கள். பூச்சிகள் அதில் பளிச்சென்று கோடு கோடாகத் தெரியும்.

கமரா எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதை நட்சத்திரங்களை வைத்து அளக்க வேண்டும். மார்ச் மாதம் இரவு ஒன்பது பத்து மணிக்கு ரோகிணியும் திருவாதிரையும் மேற்கு வானில் நிற்கும். கொழும்பின் வெளிச்சத்திலும் அவை தெரியும். பல செக்கன் வெளிச்சத்தைச் சேர்த்துப் படம் எடுத்தால் மங்கலானவையும் வந்துவிடும். படத்தின் ஓரங்கள் உட்பட எல்லா மூலையிலும் பரவிய 20 நட்சத்திரமாவது இருந்தால்தான் வில்லை படத்தில் உண்டாக்கும் வளைவைத் திருத்த முடியும்.

நேரம் இதைவிட முக்கியம். கமரா படத்தின் மூலையில் எழுதும் நேரத்தை நம்பாதீர்கள். விமானம் செக்கனுக்கு 250 மீற்றர் போகிறது, இரண்டு கமராவுக்கும் நடுவே அரைச் செக்கன் பிசகினால் 125 மீற்றர் தவறிவிடும். கணினியின் கடிகாரத்தை இணையத்தோடு ஒத்திசைத்தால் மட்டும் போதாது, படம் கமராவிலிருந்து கணினிக்கு வரும் தாமதத்தையும் அளக்க வேண்டும். செக்கனுக்கு ஒரு தடவை விளக்குச் சிமிட்டும் சிறு ஜிபிஎஸ் கருவி ஒன்றைக் கமராவுக்கு முன்னால் பிடியுங்கள். பதிவில் அது சரியான செக்கனிலிருந்து எவ்வளவு பிந்திச் சிமிட்டுகிறது என்று பாருங்கள், அதுதான் தாமதம். இந்த எண்ணை இரண்டு வீட்டிலும் எடுத்துக் கொப்பியில் எழுதி வையுங்கள்.

அப்புறம்தான் சுழல் கமரா. அகலக் கமரா பொருளைக் கண்டதும் திசையைச் சொல்ல, சுழல் கமரா திரும்பி நெருக்கமாகப் பார்க்கும். முறை நல்லதுதான், ஆனால் எச்சரிக்கை தேவை. எனது மாடியில் ஒருமுறை, ஒரு ஒளி சரசரவென்று வளைந்து வளைந்து போவதாகப் பதிவாகி இரண்டு வாரம் என்னைத் தூங்கவிடவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் மோட்டார் எந்தக் கோணத்தில் நின்றது என்ற பதிவோடு ஒப்பிட்டதும் விளங்கியது: ஒளி நேராகத்தான் போயிருக்கிறது, பின்னாலே ஓடி மிஞ்சிப்போய்த் திரும்பி வந்தது என் மோட்டார். அந்தக் கோணப் பதிவு இல்லாத சுழல் கமராக் காட்சியை நான் தரவாக எடுப்பதில்லை. நீங்கள் வாங்கிய கமரா கோணத்தை எண்ணாகத் தருமா என்று முதலில் பாருங்கள். ஆளைத் தொடரப் பழக்கிய மென்பொருள் ஒரு புள்ளி ஒளியைப் பிடிக்கவும் போவதில்லை.

நீங்கள் கண்டதைப் பற்றி என் ஊகம்: கட்டுநாயக்க ஓடுபாதை வடகிழக்கு தென்மேற்காகக் கிடக்கிறது, அதனால் விமானங்கள் கொழும்புக்கு வடமேற்கே கடலுக்கு மேலாக வந்து போகின்றன. உங்கள் பக்கம் முகம் காட்டி வரும் விமானத்தின் விளக்கு நிமிடக்கணக்கில் நின்ற இடத்திலேயே நிற்கும். திரும்பியதும் சட்டென்று நகரும், மங்கும். இதை உறுதிப்படுத்தவோ மறுக்கவோ, விமானங்கள் 1090 மெகாஹேர்ட்ஸில் தாமே ஒலிபரப்பும் இருப்பிடச் சமிக்ஞையைப் பதிவுசெய்யுங்கள். அதை வாங்கும் கருவியைப் பொருத்துமுன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் அனுமதி பற்றிக் கேட்டுவிடுங்கள். சில சிறிய விமானங்களும் இராணுவ விமானங்களும் இதை ஒலிபரப்புவதில்லை, இரத்மலானை விமான நிலையம் உங்களுக்குப் பக்கத்தில் என்பதையும் மறக்க வேண்டாம்.

அடையாளம் தெரியாத வான்பொருட்களை ஆராயும் ஹார்வார்ட்டின் கலிலியோ திட்டம் எட்டு அகச்சிவப்புக் கமராக்களை அரைக்கோள வடிவில் அடுக்கி, ஐந்து மாதத்தில் ஏறக்குறைய 5 இலட்சம் பாதைகளைப் பதிவுசெய்தது. சலித்தெடுத்த பிறகு 144 பாதைகள் தெளிவில்லாமல் எஞ்சின. அவையும் சாதாரணப் பொருட்களாகவே இருக்கலாம், தூரம் தெரியாததால் மேலே போக முடியவில்லை என்று எழுதினார்கள். அவ்வளவு வசதி உள்ளவர்களுக்கே தடையாக நின்ற அந்தத் தூரம், உங்களுக்கும் மச்சானுக்கும் எட்டிவிடும் என்று நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே ஆசையாக இருக்கிறது.

தொடங்க நல்ல காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று வந்தால் முகில்தான். கடலுப்பு வில்லைக் கண்ணாடியில் படியும், வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் துடையுங்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போடுங்கள். அடிவானத்தை ஒட்டிய பகுதியை மட்டும் மறைத்துவிட்டால், நங்கூரமிட்ட கப்பல்களும் பக்கத்து வீட்டு யன்னல்களும் படத்தில் விழாது.

முதல் மாதம் மர்ம ஒளி எதையும் தேட வேண்டாம். மேற்கே போகும் விமானம் ஒன்றை இரண்டு வீட்டிலிருந்தும் படமெடுத்து, முக்கோணக் கணக்கில் அதன் இடத்தைக் கண்டுபிடியுங்கள். விமானம் தானே ஒலிபரப்பிய இடத்தோடு ஒப்பிடுங்கள். முதல் தடவை ஒரு கிலோமீற்றர் தள்ளி வந்தாலும் ஆச்சரியமில்லை. கடிகாரத்தைப் பாருங்கள், நட்சத்திர அளவைத் திரும்பச் செய்யுங்கள். பத்து விமானங்கள் தொடர்ந்து 100 மீற்றருக்குள் வந்து விழுந்ததும் எனக்கு எழுதுங்கள், சுழல் கமராவை அப்போது பெட்டியிலிருந்து எடுப்போம்.