ஒற்றை ஐடி ஆளாகச் சேரப்போகும் தம்பிக்கு

பெரிய சேவை நிறுவனத்தில் சர்வர் சப்போர்ட் பார்த்துக்கொண்டிருந்த உங்களுக்கு, வெளிநாட்டில் ஒரு சுற்றுச்சூழல் ஆராய்ச்சித் தொண்டு நிறுவனத்தில் ஐடி ஜெனரலிஸ்ட் வேலை கிடைத்திருக்கிறது. நாற்பது பேர் உள்ள இடம், ஐடிக்கு நீங்கள் ஒருவர்தான். தனியாளாகச் சமாளிக்க முடியுமா, ரெஸ்யூமேயில் எடுபடுமா, குளிர் எப்படி, வீடு எப்படி, பிள்ளைகளின் பள்ளி எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். குளிருக்கும் வீட்டுக்கும் பதில் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். விசாவை வழக்கறிஞரிடம் கேளுங்கள். நான் முதல் இரண்டு கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், அதிலும் முதலாவதைத்தான் அதிகம். புதிதாக வருகிறவர்கள் தடுக்கி விழுவது அங்கேதான். நான் வந்த காலத்தில் இதையெல்லாம் சொல்லித்தர ஆளில்லை.

பிரிண்டர், வைஃபை, மறந்துபோன பாஸ்வேர்டு, கூட்ட அறையின் கேமரா எல்லாம் உங்கள் தலையில்தான் விழும். அவற்றுக்குப் பயப்பட வேண்டாம். மின்னஞ்சல் ஒரு நாள் நின்றால் மறுநாள் வந்துவிடும். போன செவ்வாய்க்கிழமை ஆற்றில் எவ்வளவு தண்ணீர் ஓடியது என்பதை இனி யாராலும் அளக்க முடியாது. அந்தத் தரவுதான் நிறுவனத்தின் சொத்து. அதைக் காப்பாற்றத்தான் உங்களை எடுக்கிறார்கள், வேலை விளம்பரத்தில் அப்படி எழுதியிருக்காவிட்டாலும்.

முதலில் கடிகாரம். களத்தில் அளவுகளைத் தானாகப் பதிந்துகொண்டிருக்கும் கருவிகளான டேட்டா லாக்கர்கள் எல்லாம் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓட வேண்டும், அல்லது வருடம் முழுக்க மாறாத ஒரே நேரத்தில் ஓட வேண்டும். கோடையில் கடிகாரத்தை முன்னால் தள்ளும் நாடுகளில், இலையுதிர் காலத்தில் அதைத் திருப்பும்போது ஒரு மணி நேரம் இரண்டு முறை வரும். வசந்தத்தில் ஒரு மணி நேரம் காணாமலே போகும். லேப்டாப்பை லாக்கரில் செருகியதும், "கணினியின் நேரத்தோடு ஒத்துக்கொள்ளட்டுமா" என்று மென்பொருள் கேட்கும். களப்பணியாளர் யோசிக்காமல் சரி என்று அழுத்திவிட்டால், அன்றிலிருந்து எல்லாப் பதிவும் ஒரு மணி நேரம் தள்ளிப்போய்விடும். மழை அளவியும் நீர்மட்டமும் பொருந்தவில்லை என்று பல மாதம் கழித்துத்தான் ஆராய்ச்சியாளர் உங்களிடம் வருவார். களத்துக்குப் போகும் லேப்டாப்புகளை யூடிசியிலேயே வைத்துவிடுங்கள். கடிகாரத்தில் யார் கை வைத்தாலும் எத்தனை வினாடி நகர்ந்தது என்று களக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள்.

அடுத்தது பேட்டரி. இது ஐடி வேலை இல்லை என்று நினைப்பீர்கள், ஆனால் லாக்கர் இருக்கும் கள நிலையம் தரவு அனுப்பாமல் ஊமையானால் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி முழுதாக நிறைந்து ஓய்வில் இருக்கும்போது 12.6, 12.7 காட்டும். 11.8க்கு இறங்கினால் கிட்டத்தட்டக் காலி. பகலில் வரும் அளவைப் பார்த்து ஏமாறாதீர்கள். சூரியத் தகடு ஏற்றிக்கொண்டிருக்கும்போது செத்துக்கொண்டிருக்கும் பேட்டரியும் 13க்கு மேல் காட்டும். விடியலுக்கு முந்தைய குறைந்தபட்ச அளவைத் தனியாக எடுத்து, அது 12.0க்குக் கீழே போனால் எச்சரிக்கை வரும்படி ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதிவையுங்கள். குளிரில் லெட் ஆசிட்டின் கொள்ளளவு குறையும். எடை குறைவு என்று லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டுக்கு மாற்றச் சொல்வார்கள். 0 டிகிரிக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்தால் செல் கெட்டுவிடும், வெப்பநிலை பார்த்துத் துண்டிக்கும் பாதுகாப்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகே வாங்குங்கள். பழைய நிலையங்களில் தரவை அனுப்பும் மோடமையும் பாருங்கள். 3ஜி பல நாடுகளில் நிறுத்தப்பட்டுவிட்டது. தரவு வரவில்லை என்பதற்காக லாக்கர் பதியவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம், அது பதிந்துகொண்டே இருக்கலாம். ஆனால் பல லாக்கர்களில் நினைவகம் நிறைந்ததும் பழைய பதிவின் மேலேயே புதியது எழுதப்படும், அதனால் எத்தனை நாள் அவகாசம் என்று கணக்குப் போட்டுவிட்டு ஆளை அனுப்புங்கள்.

எக்செல் பற்றி ஒரு வார்த்தை. அதில் ஒரு ஷீட்டுக்கு 10,48,576 வரிகள்தான். 10 வினாடிக்கு ஒரு பதிவு என்றால் நாளைக்கு 8,640 வரி, 121 நாளில் நிரம்பிவிடும். அதைவிடப் பெரிய சிஎஸ்வி கோப்பை எக்செலில் திறந்து அப்படியே சேமித்தால் மீதி போச்சு. மாதிரிக் குறியீடு தேதிபோல் இருந்தால் அதைத் தேதியாகவே மாற்றிவிடும். இந்தத் தொல்லையால் 2020இல் மனித மரபணுக்கள் சிலவற்றின் பெயரையே மாற்ற வேண்டி வந்தது. மூலத் தரவு இருக்கும் ஃபோல்டரைப் படிக்க மட்டும் அனுமதியோடு வையுங்கள், திருத்துகிறவர் நகலில் திருத்தட்டும். வரைபடத் தரவைச் சேமிக்கும் ஷேப்ஃபைலிலும் கவனம் தேவை. அது ஒரே கோப்பு இல்லை. எஸ்எச்எக்ஸ், டிபிஎஃப், பிஆர்ஜே என்று கூட வரும் கோப்புகளை விட்டுவிட்டு எஸ்எச்பியை மட்டும் மெயிலில் அனுப்பிவிட்டுத் திறக்கவில்லை என்பார்கள். பிஆர்ஜே விட்டுப்போனால் திறக்கத்தான் செய்யும், வரைபடத்தில் வேறெங்கோ போய் விழும்.

பேக்கப்பில் மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியே என்ற விதி உங்களுக்குத் தெரிந்ததுதான். பல வட்டுகளைச் சேர்த்து ஒன்றாக ஓட்டும் ரெய்டும் கிளவுட் ஒத்திசைவும் பேக்கப் ஆகா. ஒருவர் தவறுதலாக அழித்தாலும் பணம் கேட்டுக் கோப்புகளைப் பூட்டும் ரான்சம்வேர் வந்தாலும் அதுவும் சேர்ந்தே ஒத்திசையும். ட்ரோன் படங்கள் வந்துவிட்டால் அளவு எகிறும். 1 டெராபைட்டை நொடிக்கு 20 மெகாபிட் வேகத்தில் மேலே ஏற்ற, இடைவிடாமல் ஓடினாலும் நாலரை நாளுக்கு மேல் ஆகும். கள அலுவலகத்திலிருந்து முதல் பிரதியை வட்டில் போட்டு அனுப்புங்கள், கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஷா-256 சரிபார்ப்பு எண்ணை இரண்டு பக்கமும் ஒப்பிட்டு முடிக்கும்வரை மூலத்தை அழிக்க விடாதீர்கள். மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு ஃபோல்டரை மீட்டெடுத்து, அந்தத் தரவு யாருடையதோ அவரையே திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

ஆய்வகக் கருவிகளோடு ஒட்டிக்கிடக்கும் பழைய கணினிகளை அவசரப்பட்டு மேம்படுத்தாதீர்கள். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது, ஆனால் கருவியின் டிரைவர் புதியதில் ஓடாமல் போகலாம். அந்தக் கணினிக்கு இணையத்தைத் துண்டித்துத் தனி விலானில், அதாவது பிரித்துவைத்த உள் நெட்வொர்க்கில் போடுங்கள், வட்டை அப்படியே முழு நகலாக இமேஜ் எடுத்துவையுங்கள், தரவை ஒரே திசையில் வெளியே இழுங்கள்.

நம்மவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெரிய நிறுவனத்திலிருந்து வருகிறவர்களில் பலர் விஞ்ஞானியிடமே, கோரிக்கையைக் கணினியில் பதிவுசெய்யச் சொல்லி, "டிக்கெட் போடுங்கள்" என்கிறார்கள். மழையில் நனைந்து திரும்பியவர், மெமரி கார்டைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் மேசை முன்னால் நிற்கிறார். கார்டை வாங்கி, எழுதவிடாமல் தடுக்கும் பூட்டைத் தள்ளி, அவர் கண்ணெதிரே நகலெடுங்கள். டிக்கெட்டை நீங்களே பிறகு போட்டுக்கொள்ளலாம். இன்னும் சிலர் எதைக் கேட்டாலும் "ஆகட்டும்" என்று தலையாட்டிவிட்டு இரவெல்லாம் விழித்துக்கிடப்பார்கள். இங்கே யாரும் அதைப் பாராட்டப்போவதில்லை. "இந்த வாரம் முடியாது, அடுத்த புதன் முடியும்" என்று சொல்லக் கற்றுக்கொண்டவர்தான் நிலைத்தார். வார இறுதிச் சந்திப்புகளில் சம்பளத்தை ஒப்பிட்டு உங்களைக் குறைத்துப் பேசுவார்கள், பேசட்டும். நெட்வொர்க், லினக்ஸ், தரவுத்தளம், கருவி நான்கிலும் கை நனைத்த ஆள் அவர்களில் எத்தனை பேர்? ரெஸ்யூமே கேள்விக்கு என் பதில் அவ்வளவுதான்.

பணத்தில் ஒரு பொறி இருக்கிறது. மானியத்தில் சர்வர் வாங்கக் காசு இருக்கும். மூன்று வருடத்தில் மானியம் முடிந்ததும் சேமிப்பகச் சந்தாவைக் கட்ட ஆள் இருக்காது. திட்ட முன்மொழிவு எழுதும்போதே அறைக்குள் போய், தரவு எத்தனை வருடம் இருக்க வேண்டும், அதற்கு எந்தக் கணக்கிலிருந்து பணம் என்று கேளுங்கள். டொமைன் பெயரும், தொண்டு நிறுவனங்களுக்குச் சலுகையில் மென்பொருள் தரும் டெக்சூப்பில் உள்ள கணக்கும் என்றோ போய்விட்ட பயிற்சியாளரின் சொந்த மெயிலில் பதிவாகியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. சேர்ந்த முதல் வாரமே பதவிப் பெயரில் உள்ள முகவரிக்கு மாற்றுங்கள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் நான்கு கேள்வி கேளுங்கள். கடைசியாக எப்போது ஒரு கோப்பை பேக்கப்பிலிருந்து மீட்டுப் பார்த்தார்கள்? உங்கள் சம்பளம் பொது நிதியிலிருந்தா, முடியப்போகும் ஒரே மானியத்திலிருந்தா? நீங்கள் விடுப்பில் போனால் அட்மின் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கும்? முன்னால் இருந்தவர் ஏன் போனார்? இரண்டாவதற்கு மழுப்பலாகப் பதில் வந்தால் எழுத்தில் வாங்கும்வரை பழைய வேலையை விடாதீர்கள்.