காணாமற்போன கமாரோ இசட்.எல்.1 கார்களை எவ்வாறு தேடுகிறார்கள்?

அமெரிக்க கார் நிறுவனமான செவர்லே 1969-இல் தயாரித்த கமாரோ இசட்.எல்.1 கார்கள் மொத்தம் 69 மட்டுமே. இல்லினாய் மாநிலத்தின் லா ஹார்ப் என்ற சிற்றூரில் இருந்த ஃப்ரெட் கிப் விற்பனையகம் அவற்றில் 50-ஐத் தருவித்தது. ஆனால் 427 கன அங்குல அலுமினிய எஞ்சினுக்கு மட்டுமே 4,000 டாலருக்கு மேல் விலை வைக்கப்பட்டதால், விற்காத பல கார்கள் நிறுவனத்துக்கே திரும்பி வேறு விற்பனையகங்களுக்குப் பிரிந்து சென்றன. தடம் குழம்பத் தொடங்கியது அங்கேதான். குறுந்தூர நேர்கோட்டு ஓட்டமான டிராக் (drag) பந்தயங்களில் எஞ்சின்களும் மாறிவிட்டன.

வண்டியின் அடையாள எண்ணோ எஞ்சினைப் பற்றி அது வி8 (எட்டு சிலிண்டர்) என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை. எனவே தேடுவோர் பழைய விற்பனை ரசீதுகளையும் பந்தயப் புகைப்படங்களையும் ஒப்பிட்டு, ஹீட்டர் பெட்டிக்குப் பின்னால் மறைவாகப் பொறிக்கப்பட்ட எண், டாஷ்போர்டில் உள்ள தகட்டின் அடையாள எண்ணோடு பொருந்துகிறதா என்று சரிபார்க்கிறார்கள். என் கருத்தில், எஞ்சினைவிட நம்பத்தக்க சான்று இதுவே. எஞ்சினை எவரும் பின்னர் வாங்கிப் பொருத்திவிடலாம்.