புதிய டெஸ்க்டாப் அடிக்கடி ஹேங் ஆகிறது. விண்டோஸை மறுபடி போட்டால் சரியாகுமா?

பெரும்பாலும் சரியாகாது. வாங்கிச் சில வாரங்களே ஆன கணினி, எந்த முன்னறிகுறியும் இல்லாமல், திரையில் இருப்பது இருந்தபடியே நின்றுவிடுகிறது, பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைப்பதைத் தவிர வழியில்லை, கடைக்காரரோ விண்டோஸை மறுபடி போடச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். பிராசசர் எது, மதர்போர்டு எது என்று குறிப்பிடவில்லை. உள்ளூர்க் கடையில் அசெம்பிள் செய்து வாங்கியிருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் ஹார்டுவேர் படித்தவன் அல்லன். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன். ஆகவே துறையறிந்தவர்கள் இந்தப் பதிலில் குறை காண இடமிருக்கும். ஆனால் உங்களுக்குச் சொல்லப்பட்டது போன்ற யோசனைகளை மாதக்கணக்கில் கேட்டு அலுத்துப்போனவன் என்ற ஒரே தகுதியில் எழுதுகிறேன்.

முதலில் செய்ய வேண்டியது, எதையும் மாற்றாமல் இருப்பது. கணினி எப்போது நிற்கிறது என்பதை மட்டும் ஒரு தாளில் குறித்து வாருங்கள். விளையாட்டு, வீடியோ எடிட்டிங் போன்ற கடுமையான வேலை நடக்கும்போது நிற்கிறதா, அல்லது நீங்கள் எதுவும் செய்யாமல் அது சும்மா இருக்கும்போது நிற்கிறதா என்ற இந்த ஒரு வேறுபாடு, சந்தேகப்பட வேண்டிய பாகங்களின் பட்டியலையே மாற்றிவிடும். வேலை மிகும்போது நின்றால் பிராசசரின் வெப்பம், எஸ்எம்பிஎஸ்ஸின் (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளை பெட்டி) உச்சத் திறன், கிராபிக்ஸ் கார்டு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சும்மா இருக்கும்போது நின்றால் அந்த மூன்றையும் பட்டியலின் கடைசிக்குத் தள்ளிவிடலாம். இந்த எளிய கேள்வியை என்னிடம் கடையில் ஒருவர்கூடக் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத வருத்தம்.

2018 தொடக்கத்தில் மதுரையில் ஒரு கடையில், ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 1600 பிராசசர் வைத்த கணினி ஒன்றை வாங்கினேன். ஆறு கோர் (தனித்தனியே கணக்கிடும் பகுதிகள்), பன்னிரண்டு திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்) கொண்ட அந்தப் பிராசசர் 2017 ஏப்ரலில் சந்தைக்கு வந்திருந்தது. அந்த விலையில் பன்னிரண்டு திரெட் அதுவரை கிடைத்ததில்லை. பழைய நூல்களின் ஸ்கேன் பக்கங்களை எழுத்துணரி மென்பொருள் மூலம் உரையாக மாற்றும் வேலையும் எனக்கு உண்டு என்பதால், கோர்களின் எண்ணிக்கை எனக்கு ஆடம்பரம் அன்று, தேவை. விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவிக்கொண்டேன். இரவு முழுவதும் எல்லாக் கோர்களும் நூறு விழுக்காடு உழைக்க, நூற்றுக்கணக்கான பக்கங்களை அது தடங்கலின்றி மாற்றித் தரும். ஆனால் பகலில், மூலநூலின் ஒரு வாக்கியத்துக்குப் பொருள் பிடிபடாமல் தடித்த அகராதியைப் புரட்டிவிட்டுத் திரையை நிமிர்ந்து பார்த்தால், கடிகாரம் சில நிமிடங்களுக்கு முந்தைய நேரத்திலேயே நின்றிருக்கும். மவுஸ் அசையாது, கேப்ஸ் லாக் விளக்கு எரியாது, இன்னொரு கணினியிலிருந்து நெட்வொர்க் வழியே அழைத்து (பிங்) பார்த்தாலும் பதில் வராது.

கடைக்கு எடுத்துப் போனேன். அவர்கள் கடும் வேலை கொடுத்து வேகத்தை அளக்கும் ஒரு பெஞ்ச்மார்க் மென்பொருளை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, "எங்களிடம் நன்றாகத்தானே ஓடுகிறது, சார்" என்றார்கள். இரவில்தான் காய்ச்சல் வருகிறது என்று சொல்லும் நோயாளியைப் பகலில் தொட்டுப் பார்த்து அனுப்பிவைக்கும் வைத்தியம் அது. அடுத்த முறை, லினக்ஸ் போட்டால் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். அதற்கடுத்த முறை, உங்கள் வீட்டுக் கரன்ட் சரியில்லை, எர்த் பாருங்கள் என்றார்கள். எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் சரியாக இருப்பதை உறுதி செய்தேன், பயன் இல்லை. லினக்ஸை ஆதரிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. உபுண்டுவில் நான் பட்ட வேறு தொல்லைகள் எத்தனையோ உண்டு. ஆனால் காரணம் தெரியாத இடத்தில் அறிமுகமில்லாத ஒன்றைக் குற்றவாளியாக்குவது எளிது என்பதற்காக அதை ஏற்றுக்கொள்ள முடியாது.

உண்மையில் லினக்ஸைக் குறை சொன்னவர்கள் பக்கத்தில் பாதி நியாயம் இருந்தது. அதை அவர்கள் அறியவில்லை என்பதுதான் வேடிக்கை. முதல் தலைமுறை ரைசனில் லினக்ஸ் பயனர்கள் இரண்டு வெவ்வேறு கோளாறுகளைச் சந்தித்தார்கள். ஒன்று, எல்லாக் கோர்களும் சேர்ந்து நிரல்களைத் தொகுக்கும் (கம்பைல்) கடும் வேலையின்போது அந்த வேலை பாதியில் முறிந்துபோவது. அதை 2017 ஆகஸ்டில் ஏஎம்டி நிறுவனமே ஒப்புக்கொண்டு, பாதிக்கப்பட்டவர்களுக்குப் பிராசசரை மாற்றித் தந்தது. மற்றொன்று, சும்மா இருக்கும்போது மொத்தக் கணினியும் உறைந்துபோவது. அது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் வழுப் (பக்) பட்டியலில் அதே ஆண்டில் 196683 என்ற எண்ணில் பதிவாகி, உலகெங்கிலுமிருந்து பயனர்கள் தங்கள் அனுபவத்தை அதன்கீழ் எழுதிக்கொண்டிருந்தார்கள். இரவு முழுவதும் பக்கங்களை மாற்றி முடித்துவிட்டு, வேலை தீர்ந்த பிறகே என் கணினி நின்றது என்பதை கணினி தானே எழுதிவைக்கும் பதிவேட்டின் (லாக்) கடைசி வரிகள் காட்டியபோது, என்னுடையது இரண்டாவது வகை என்பதில் ஐயமில்லாமல் போயிற்று.

அந்தக் கோளாறு நேரும் விதத்தை நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன். வேலையில்லாத கோர்களைப் பிராசசர் படிப்படியாக உறங்க வைக்கும். அந்தப் படிகளில் ஆழமான ஒன்றுக்கு சி6 என்று பெயர். எல்லாக் கோர்களும் அந்நிலைக்குப் போனால் பிராசசர் இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைந்துவிடுகிறது. அவ்வளவு குறைந்த மின்னோட்டத்தில் சீரான மின்னழுத்தத்தைத் தருவது எல்லா எஸ்எம்பிஎஸ்ஸாலும் முடிவதில்லை. இது ஏஎம்டிக்கு மட்டும் உரிய சங்கதியும் அன்று. 2013-இல் இன்டெல்லின் ஹாஸ்வெல் பிராசசர்கள் வந்தபோது, 12 வோல்ட் தடத்தில் 0.05 ஆம்பியர் வரை இறங்கினாலும் தாங்கக்கூடிய பவர் சப்ளை வேண்டும் என்ற நிபந்தனை எழுந்து, பழைய எஸ்எம்பிஎஸ்கள் அதற்குப் பொருந்துமா என்று எல்லாரும் தேடினார்கள். கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ் இந்த நிபந்தனையைக் கேள்விப்பட்டிருக்குமா என்பது வேறு கேள்வி.

ரைசனுக்கான மாற்றுவழி, கணினியை இயக்கியதும் முதலில் ஓடும் மதர்போர்டின் மென்பொருளான பயாஸில் இருந்தது. என் மதர்போர்டில் இருந்த பழைய பயாஸில் அந்த அமைப்பே இல்லை. புதுப்பித்த பிறகு, ஏஎம்டி சிபிஎஸ் என்ற பகுதிக்குள் 'பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்' என்று ஒன்று தோன்றியது. அதை 'டிபிகல் கரன்ட் ஐடில்' என்று மாற்றினேன். சும்மா இருக்கும்போது மின்னோட்டம் மிகக் குறைந்துவிடாமல் அது பார்த்துக்கொள்ளும் என்பதால் மின்செலவு சிறிது கூடும். ஹேங் ஆவது நின்றது. உடனே சிலர், நல்ல எஸ்எம்பிஎஸ் வாங்கியிருந்தால் இது தேவைப்பட்டிருக்காது என்பார்கள். விலை உயர்ந்த எஸ்எம்பிஎஸ் வைத்திருந்தவர்களும் அந்த வழுப் பட்டியலில் புலம்பியிருந்தார்கள் என்பதால்தான் நான் அதில் பணத்தைப் போடவில்லை.

உங்களுடையதும் இதேதான் என்று நான் சொல்ல வரவில்லை. ஏஎம்4 போர்டு (ரைசனின் முதல் சில தலைமுறைகள் பொருந்தும் மதர்போர்டு வகை) என்றால் இந்த அமைப்பைப் பார்ப்பதில் நட்டம் ஒன்றும் இல்லை. இல்லையென்றால் என் அடுத்த சந்தேகம் ரேம்தான். ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பைப் பயாஸில் இயக்கி வைத்திருந்தால் அதை அணைத்துவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். அட்டையில் அச்சிட்ட வேகம் ரேமுக்கு உரியதே தவிர, பிராசசர் அதற்கு உறுதி தந்திருக்க வேண்டும் என்பதில்லை. ரைசன் 7000 வரிசையில் இரண்டு ரேம் போட்டால் 5200 வேகம் வரை அதிகாரபூர்வமாகத் தாங்கும். நான்கு போட்டால் அது 3600 ஆகக் குறைகிறது. நான்கு ஸ்லாட்டையும் நிரப்பிவிட்டு 6000-இல் ஓடவில்லையே என்று வருந்துவதில் பொருளில்லை. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி ஓர் இரவு ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த ரேமை மாற்றச் சொல்லலாம்.

அரை நிமிடம் நின்றுவிட்டுத் தானாக மீள்கிறது என்றால் டிஸ்க்கையோ அதன் கேபிளையோ பாருங்கள். விண்டோஸ் தன் நிகழ்வுகளைப் பதிந்து காட்டும் ஈவென்ட் வியூவரில் 129 என்ற எண்ணோடு டிஸ்க்கை ரீசெட் செய்ததாகப் பதிவு இருந்தால் சந்தேகம் உறுதிப்படும். அதே இடத்தில் தென்படும் கெர்னல்-பவர் 41 என்ற பதிவைப் பார்த்துப் பவர் சப்ளை கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். கணினி முறையாக அணைக்கப்படவில்லை என்பதற்கு மேல் அது எதுவும் சொல்வதில்லை, நீங்கள் பொத்தானை அழுத்தி அணைத்ததையும் அது அப்படித்தான் எழுதும். திரை நின்றாலும் பாட்டு ஓடுகிறது, கேப்ஸ் லாக் விளக்கு மாறுகிறது என்றால் கிராபிக்ஸ் டிரைவரின் பக்கம் போகலாம். உங்களுடையது இன்டெல்லின் 13 அல்லது 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9 என்றால் இவை எல்லாவற்றுக்கும் முன்பாகப் பயாஸைப் புதுப்பியுங்கள். அவற்றில் பல, மிகையான மின்னழுத்தத்தால் கெட்டுப்போவதை இன்டெல் ஒப்புக்கொண்டு, 2024 ஆகஸ்டில் திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தையும் 2 ஆண்டு நீட்டித்தது. ஏற்கெனவே கெட்டுப்போன பிராசசரைத் திருத்தம் மீட்காது. மாற்றித்தான் வாங்க வேண்டும்.

மாற்றி வாங்க பில் வேண்டும். இங்கே ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "பில் போட்டால் 18 விழுக்காடு கூடும், சார்" என்று கடையில் தயங்காமல் சொல்லி, எஸ்டிமேட் என்று எழுதிய ஒரு துண்டுச் சீட்டை நீட்டுகிறார்கள். வரியைக் கேட்டு வாங்கிச் செலுத்த விரும்புகிறவன் பிழைக்கத் தெரியாதவனாகப் பார்க்கப்படுகிறான். நான் பிடிவாதமாகப் பில் வாங்கியிருந்தேன். உங்களிடம் இல்லையென்றால், பாகங்களின் சீரியல் எண்களையாவது இப்போதே படம் எடுத்து வையுங்கள்.

பயாஸைப் புதுப்பிக்கும் நேரத்தில் கணினி யுபிஎஸ்ஸில் இருக்கட்டும். பாதியில் கரன்ட் போனால் மதர்போர்டு இயங்காமலே போகக்கூடும். புதுப்பிக்கும் முன் பழைய அமைப்புகளைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். புதுப்பித்ததும் பெரும்பாலும் எல்லாம் தொடக்க நிலைக்குத் திரும்பிவிடும் என்பதால், நீங்கள் மாற்றியிருந்த அமைப்பு அப்படியே இருக்கிறதா என்று மறுபடி உள்ளே போய்ப் பார்த்துவிட்டே கணினியைப் பயன்படுத்தத் தொடங்குங்கள்.