அமெரிக்க ராக் பாடகி ஜானிஸ் ஜாப்ளின் கூட டூர் போறது எப்படி இருந்திருக்கும்?

அறுபதுகள்ல ராக் பாடகர்களோட டூர்னா பெரும்பாலும் பஸ், ஃப்ளைட், மோட்டல், சவுண்ட் செக், மறுபடி பஸ்னு தான் ஓடும், பாதி நேரம் எந்த ஊர்ல இருக்கோம்னே தெரியாது. ஆனா ஜானிஸ் 1970 ஜூன் கடைசில போன ஒரு டூர் மட்டும் வேற மாதிரி. கனடால ஒரு முழு ரயிலையே வாடகைக்கு எடுத்து, கிரேட்ஃபுல் டெட், தி பேண்ட்னு ராக் குழுக்கள் எல்லாரையும் ஏத்திட்டு டொராண்டோ, வின்னிபெக், கால்கரினு போனாங்க.

மேடையை விட ரயில்ல நடந்தது தான் சுவாரஸ்யம். லவுஞ்ச் பெட்டில ஆம்ப், டிரம்ஸ் எல்லாம் செட் பண்ணி வச்சிட்டு ராத்திரி பகலா வாசிச்சிட்டே இருந்தாங்க, யார் எந்த பேண்டுனு கணக்கே இல்ல, தூங்கப் போனா எதையாவது மிஸ் பண்ணிடுவோமோனு பயம் வேற! நடுவுல சரக்கு தீர்ந்து போச்சு. வழியில சாஸ்கடூன்ங்கற ஊர்ல ரயிலை நிறுத்தி, ஆளாளுக்கு காசு போட்டு, அங்க இருந்த மதுக்கடையையே கிட்டத்தட்ட காலி பண்ணிட்டாங்க. நம்ம ஊர்ல செயின் புடிச்சு இழுத்தாலே ஃபைன்!

வெளில நிலைமை வேற. டிக்கெட் 14 டாலராம், இசையை இலவசமா குடுங்கனு டொராண்டோல கேட் கிட்ட ரகளை, போலீஸ். நடத்துனவங்களுக்கு செம நஷ்டம்.

ஜானிஸ் அந்த வருஷம் அக்டோபர் 4 போதைப்பொருளால இறந்துட்டாங்க, வயசு 27 தான். அதனால அந்த குடிக் கதையை ஜாலியா மட்டும் சொல்ல எனக்கு மனசு வரல.