வாசகர் கேள்வி – பதில்: பழைய ஸ்போர்ட்ஸ் காரும் கடற்காற்றும்

கேள்வி: எனது பெரியப்பாவின் 1965 ஆம் ஆண்டு எம்.ஜி. மிட்ஜெட் கார், உப்புவெளியில் கடற்கரையை அண்டிய எங்கள் வீட்டுத் தகரக் கொட்டகையில் பன்னிரண்டு ஆண்டுகளாக ஓடாமல் நிற்கிறது. நான் ஓர் ஆசிரியர். மாதந்தோறும் சம்பளத்தில் மிஞ்சும் சிறு தொகையைக் கொண்டு வீட்டிலேயே அதைத் திருத்த விரும்புகிறேன். முதலில் எஞ்சினைக் கழற்றுவதா, பெயின்ற் அடிப்பதா?
– வாசகர், உப்புவெளி

பதில்: இரண்டையும் தள்ளிவையுங்கள். தங்களுடைய காருக்கு லொறியைப் போலத் தனியான சேசி (அடிச்சட்டகம்) கிடையாது. உடலே அதன் எலும்புக்கூடு. மேற்கூரையும் இல்லாத வண்டியாதலால், கதவுகளுக்குக் கீழே முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையே ஓடும் பெட்டி வடிவச் சட்டங்கள் இரண்டும்தான் வண்டி நடுவில் தொய்ந்துவிடாமல் தாங்குகின்றன. பன்னிரண்டு ஆண்டுக் கடற்காற்று உள்ளிருந்து அரிப்பதும் அவற்றைத்தான்.

ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, அந்தச் சட்டத்தின் மீது முன்னிருந்து பின்னாக மெதுவாக நகர்த்துங்கள். இரும்பு உள்ள இடத்தில் காந்தம் இழுத்துப் பிடிக்கும். துருவை மறைத்துப் புட்டி அப்பிய இடத்தில் பிடிவிட்டுக் கையோடு வழுக்கும். வழுக்கிய இடங்களை வெண்கட்டியால் வட்டமிடுங்கள். பிறகு இருக்கைகளையும் விரிப்பையும் எடுத்துவிட்டு, தரைத் தகட்டின் ஓரங்களையும், பின்பக்க வில்தகடுகளின் முன்முனை பொருந்தும் இடத்தையும் திருப்புளியின் முனையால் அழுத்திப் பாருங்கள். தங்கள் சேமிப்பின் பெரும்பகுதி எங்கே போகவேண்டும் என்பதை அந்த வட்டங்களே காட்டிவிடும்.

வெட்டத் தொடங்குமுன் கவனிக்கவேண்டிய ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன்பு நான் முதன்முதலாகத் திருத்திய திறந்த காரில், அவசரப்பட்டு இரண்டு பக்கச் சட்டங்களையும் ஒரே நாளில் வெட்டி அகற்றினேன். உடல் சற்றே வளைந்துவிட்டது. அந்தக் காரின் இடக்கதவு அதன்பின் ஒருபோதும் ஒழுங்காகப் பூட்டவில்லை. ஆகவே, கதவு நிலையின் முன்தூணிலிருந்து பின்தூணுக்கு ஓர் இரும்புக் குழாயைக் குறுக்கே ஒட்டவைத்து, ஒரு பக்கத்தை முழுமையாக முடித்த பின்னரே மறுபக்கத்தைத் தொடுங்கள். புதிய தகட்டை முதலில் புள்ளி புள்ளியாக மட்டும் பிடித்து, கதவை மாட்டி, சுற்றிலும் உள்ள இடைவெளி சீராக இருக்கிறதா என்று பார்த்த பிறகு முழு வெல்டிங்கிற்குப் போங்கள். இந்த மெல்லிய தகட்டைக் குச்சி வெல்டிங் ஓட்டையாக்கிவிடும் என்பதால் மிக் வெல்டிங் (வாயுக் காப்பில் மெல்லிய கம்பியை உருக்கி ஒட்டும் முறை) தெரிந்தவரை நாள்கூலிக்கு அழையுங்கள். வெட்டுதல், சுரண்டுதல், அளவெடுத்துத் தகடு வளைத்தல் ஆகியவற்றைத் தாங்களே செய்து வைத்திருந்தால் அவருக்கான செலவு இரண்டொரு நாட்களோடு முடியும். வண்டியின் கீழே படுக்கும்போது ஜக்கையோ சீமெந்துக் கல்லையோ ஒருபோதும் நம்பவேண்டாம். முறையான தாங்கிகள் நான்கை முதற்செலவாகவே வாங்கிவிடுங்கள்.

நமது ஊரில் இவ்வேலைக்குக் காலமும் பார்க்கவேண்டும். கச்சான் வீசும் மாதங்களின் வறட்சியில் உடல்வேலையை முடித்துக்கொண்டு, வாடை மழை தொடங்கியதும் காபரேற்றர் (பெற்றோலைக் காற்றுடன் கலக்கும் பாகம்), டைனமோ, இருக்கைத் தையல் போன்றவற்றை வீட்டுக்குள் எடுத்துச் செல்லலாம். துருவைச் சுரண்டிய இடத்தை நல்ல தண்ணீரால் கழுவி, உலர்த்தி, அன்றைக்கே பிறைமர் பூசுங்கள். குழிகளில் தங்கிய உப்பு கழுவப்படாவிட்டால், எவ்வளவு விலையுயர்ந்த பெயின்றின் கீழும் துரு மறுபடி கிளம்பும். சிவப்பு ஒக்சைட் மட்டும் பூசிவிட்டு மாதக்கணக்கில் விடுவதும் பயனற்றது. அது ஈரத்தை உள்ளே விடும்.

கேள்வி: எனக்குக் கிடைத்துள்ள மிட்ஜெட்டும் அதே காலத்ததே. மொறிஸ் மைனரின் பாகங்கள் இதற்குப் பொருந்தும் என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், லிங்கநகர்

பதில்: பெருமளவு உண்மை, சிக்கனமாகத் திருத்துவோருக்கு இது பெரும் உதவியுங்கூட. 1962 இலிருந்து வந்த மைனரிலும் தங்கள் காரிலும் இருப்பது ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 1098 சிசி எஞ்சின். மிட்ஜெட்டின் ஸ்ரியறிங் அமைப்பும் மைனரினதிலிருந்து உருவானதே. நம் நாட்டில் மைனர்கள் இன்றும் ஓடுவதால், கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடினால் எஞ்சினுக்கான பல சிறு பாகங்கள் அகப்படும். பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். ஆனால் பிஸ்ரன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் கிராங்க் தண்டின் பிரதான பெயரிங்குகளில் ஏமாந்துவிடாதீர்கள்: மைனரில் அவற்றின் விட்டம் 1¾ அங்குலம், 1964 இன் பின் வந்த 1098 சிசி மிட்ஜெட்டில் 2 அங்குலம். பற்றரி மாட்டும்போதும் நிதானம் வேண்டும். அக்காலத்து இக்கார்களில் உடலோடு இணைவது பற்றரியின் நேர்முனை. இன்றைய வழக்கப்படி எதிர்முனையை இணைத்தால் டைனமோ பழுதாகலாம்.

கேள்வி: எஞ்சின் கிளம்புகிறது, ஆனால் அக்சிலேற்றரை மிதித்தவுடன் திணறுகிறது. காபரேற்றரை மாற்றவேண்டுமா?
– வாசகர், நிலாவெளி

பதில்: உள்ளே பிஸ்ரன் ஏறியிறங்கும் எஸ்.யு. வகைக் காபரேற்றராயின், மாற்றுமுன் அதன் மேல்மூடியைத் திருகிக் கழற்றிப் பாருங்கள். உள்ளே எண்ணெய் வற்றியிருந்தால் இவ்வாறுதான் திணறும். 20 தர எண்ணெயைச் சிறிதளவு விட்டால் போதும். பிறகு காற்றுவழியே விரலை விட்டுப் பிஸ்ரனை உயர்த்தி விடுங்கள். அது தடங்கலின்றி இறங்கி, அடியில் ‘டிக்’ என்று உலோக ஒலியுடன் அமரவேண்டும். ஒலி கேட்கவில்லையெனில் கழற்றிப் பெற்றோலால் துடைத்து மாட்டுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவேண்டாம்.